இரத்தக் குழாயின் சுவரை ஆராய்ந்த மேரி டேலி

சென்ற ஆண்டு உயிரியல் செய்முறை வகுப்புக்காக எங்கள் ஆசிரியை இறைச்சிக் கடையிலிருந்து ஓர் ஆட்டு இதயத்தை வாங்கி வந்திருந்தார்கள். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற நாங்கள், சற்று நேரத்தில் மேசையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கலானோம். இடது கீழறையிலிருந்து புறப்படும் பெருந்தமனிக்குள் ஒவ்வொருவராக விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அந்தக் குழாயின் சுவர் தடித்திருந்தது; இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. குழாய் என்றதும் எங்கள் மனத்தில் தோன்றியிருந்த தண்ணீர்க் குழாய்க்கும் அதற்கும் யாதொரு ஒற்றுமையும் இல்லை.

அன்று எங்களுள் ஒருத்தி மட்டும் மேசைக்கு அருகில் வரவே இல்லை. அவளுடைய தந்தைக்கு மாரடைப்பு வந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. வகுப்பு முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் ஆசிரியையிடம் மெல்லக் கேட்டாள்: "அப்பாவிடம் டாக்டர் பிரஷர் இருக்கிறதா என்று கேட்டார், உடனே கொலஸ்ட்ரால் பார்த்திருக்கிறீர்களா என்றும் கேட்டார். இரண்டையும் ஏன் மிஸ் சேர்த்தே கேட்கிறார்கள்? அப்பா எண்ணெய்ப் பலகாரம் பக்கமே போகமாட்டார்களே!"

ஆசிரியை உடனே விடை கூறிவிடவில்லை. "எல்லோரும் தேடிப் பாருங்கள், ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையும் ஆகும்" என்றார்கள். அப்படித் தேடப் போன இடத்தில்தான் மேரி மேனார்டு டேலி என்னும் அம்மையாரின் பெயரைக் கண்டோம். எங்கள் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. அவரைப் பற்றி அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

மேரி டேலி 1921ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், அமெரிக்காவில் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் பிறந்தார். தந்தையார் ஐவன் டேலி மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பினத்தவர். வேதியியல் கற்கவேண்டும் என்பது அவருடைய பேராசை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உதவித் தொகையுடன் இடமும் கிடைத்தது. ஆனால் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டப் பணமில்லை. படிப்பைப் பாதியில் விட்டு நியூயார்க்குக்குத் திரும்பி, தபால் இலாகாவில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மூளையும் இருந்தது, முயற்சியும் இருந்தது, விடுதிச் செலவுக்கு மட்டும் வழியில்லை. இந்தக் கதையைப் படிக்கும் பெற்றோர் பலருக்கு இது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது என்றே எண்ணுகிறோம்.

தாயார் ஹெலன் புத்தகம் படிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். வாஷிங்டனிலிருந்த தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பெரிய நூலகம் ஒன்று இருந்தது. அறிவியலாளர் வரலாறுகளைத் தேடித் தேடிப் படித்தாள் சிறுமி மேரி. நுண்ணுயிர்களைக் கண்டறிந்தவர்களைப் பற்றிப் பால் டி க்ரைஃப் எழுதிய நூல் அவள் மனத்தில் ஆழப் பதிந்தது. பிறகு ஹண்டர் கல்லூரி உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தாள். அந்நாளில் அது பெண்களுக்கு மட்டுமேயான பள்ளி. வேதியியல் பெண்ணுக்கு எதற்கு என்று கேட்பார் அங்கு இல்லை, ஆசிரியைகளே ஊக்கமூட்டினர். வீட்டிலோ, தாம் முடிக்காமல் விட்ட பாடத்தை மகள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார் தந்தை.

கல்லூரிப் படிப்புக்குக் குவீன்ஸ் கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது. தந்தையின் படிப்பை நிறுத்திய அதே விடுதிச் செலவு இங்கே மிச்சமாயிற்று! 1942இல் உயர் சிறப்புடன் பட்டம் பெற்றார். அதே கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஓராண்டில் முதுநிலைப் பட்டத்தையும் முடித்தார். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் ஆய்வுக்கூடங்களில் ஆள் தேவைப்பட்டது. அதுவரை மூடியிருந்த கதவுகள் சில பெண்களுக்குத் திறந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேரி கால்டுவெல் என்ற பெண் பேராசிரியரின் கீழ் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார்.

அந்த ஆய்வின் பொருளை நாம் நாள்தோறும் வாயிலேயே செய்து பார்க்கலாம். குழம்பு எதுவும் ஊற்றாத வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து நன்றாக மென்றுகொண்டே இருங்கள். சற்று நேரத்தில் மெல்லிய இனிப்புத் தெரியும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, மாச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக வெட்டுவதே காரணம். இதே வேலையைச் சிறுகுடலில் செய்ய, கணையமும் அமைலேஸைச் சுரக்கிறது. கணைய அமைலேஸ் மக்காச்சோள மாவின் மேல் செயல்படும்போது என்னென்ன பொருள்கள் உண்டாகின்றன என்பதே டேலியின் ஆராய்ச்சி. 1947இல் அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. அமெரிக்காவில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அடுத்து, ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆல்ஃபிரட் மிர்ஸ்கி என்பாருடன் ஆராய்ச்சி செய்ய விரும்பினார். அதற்கான பொருளுதவியை அவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே காத்திருந்தார். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் உதவித் தொகை கிடைத்ததும் 1948இல் ராக்ஃபெல்லருக்குச் சென்றார். அங்கே ஏழாண்டுகள்.

அந்த ஏழாண்டுகள் எப்படிப்பட்டவை என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1944இல் அதே நிறுவனத்தில்தான் ஆஸ்வால்டு ஏவரியும் அவருடைய தோழர்களும் பாரம்பரியச் செய்தியைச் சுமப்பது டி.என்.ஏ. என்று காட்டியிருந்தார்கள். எல்லோரும் அதை ஒப்பவில்லை. மிர்ஸ்கியே ஐயப்பட்டவர்களுள் ஒருவர். ஆக, உயிரணுவின் உட்கருவுக்குள் என்னதான் இருக்கிறது என்பதை எடைபோட்டு அளந்து சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையைத்தான் டேலி எடுத்துக்கொண்டார். டி.என்.ஏ.வில் உள்ள நான்கு காரங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று அளந்த கட்டுரை 1950இல் வந்தது. பிறகு ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் பக்கம் திரும்பினார். நம் உடலின் ஒரே ஓர் உயிரணுவில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரும். தையல் பெட்டியில் நூலைக் கண்டில் சுற்றி வைக்காவிட்டால் என்ன கதியாகும் என்று நமக்குத் தெரியும் அல்லவா? டி.என்.ஏ. நூலுக்கு ஹிஸ்டோன்களே நூற்கண்டு. இந்த ஒப்புமை 1970களில்தான் தெளிவாயிற்று. டேலியோ அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, லைசின் என்ற அமினோ அமிலம் மிகுந்த ஹிஸ்டோன்களைத் தனியே பிரித்து ஆராய்ந்து 1955இல் வெளியிட்டார்.

உயிரணு எவ்வாறு புரதத்தைத் தயாரிக்கிறது என்பதும் அன்று பெரும் புதிர். டேலியும் அவருடன் பணியாற்றியவர்களும் கிளைசின் என்னும் எளிய அமினோ அமிலத்தில் ஓர் அடையாளத்தை இட்டு, அது உயிரணுவின் எந்தெந்தப் பகுதிக்குள் புகுகிறது என்று பின்தொடர்ந்தார்கள். சுண்டெலிகளைப் பட்டினி போட்டும் உணவளித்தும் வேறுபாட்டைக் கவனித்தார்கள். ஆர்.என்.ஏ. சேர்ந்த துகள்களுக்குப் புரத உற்பத்தியில் உள்ள பங்கைப் பற்றி ஆல்ஃப்ரே, மிர்ஸ்கி ஆகியோருடன் டேலி எழுதிய கட்டுரை 1953இல் வெளியானது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியானதும் அதே ஆண்டில்தான். 1962இல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் வாட்சன், தம் பரிசு உரையின் ஆதாரங்களுள் ஒன்றாக டேலியின் கட்டுரையைக் காட்டியிருக்கிறார். வாட்சன் பெயரைப் பத்தாம் வகுப்பு மாணவியும் சொல்வாள். கட்டடத்துக்குக் கல் சுமந்தவர்களின் பெயர் இப்படித்தான் அடிக்குறிப்பில் போய்விடுகிறது.

எங்கள் தோழியின் கேள்விக்கு இனி வருகிறோம். 1955இல் டேலி கொலம்பியாவுக்குத் திரும்பினார், இம்முறை மருத்துவக் கல்லூரிக்கு. குவென்டின் டெமிங் என்ற மருத்துவருடன் சேர்ந்து, நியூயார்க்கின் கோல்டுவாட்டர் நினைவு மருத்துவமனையில் இரத்தக் குழாய்களை ஆராயத் தொடங்கினார். அறியப்படாத நிலத்தில் புதிதாகக் கால் வைத்தார் என்று இதைச் சொல்ல இயலாது. முயல்களுக்குத் தொடர்ந்து கொலஸ்ட்ரால் கொடுத்தால் அவற்றின் தமனிகளில் கொழுப்புத் திட்டுகள் படிகின்றன என்று 1913இலேயே ரஷ்ய நாட்டின் அனிச்கோவ் காட்டியிருந்தார். மாரடைப்புக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததே டேலிதான் என்று சில குறிப்புகளில் எழுதியிருப்பதைப் பார்த்தோம். அது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. அவருடைய பங்கு எதுவோ அதைச் சரியாகச் சொல்வதே மரியாதை. அதுவே போதுமான அளவு பெரிது.

அந்தப் பங்கு இது: கொழுப்பு ஒரு பக்கம், இரத்த அழுத்தம் ஒரு பக்கம் என்று தனித்தனியே பேசப்பட்ட இரண்டையும், தமனியின் சுவரில் ஒன்றாக வைத்து அளந்து பார்த்தது.

இதற்கு எலிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முயலைப் போல எலிக்கு எளிதில் தமனிக் கொழுப்பு நோய் வந்துவிடாது. ஆதலால் அழுத்தம் ஏறும்போது என்ன மாறுகிறது என்பது எலியில் தனித்துத் தெரியும். எலிகளின் சிறுநீரகத்தில் இரத்த ஓட்டத்தைக் குறைத்தால், உடல் முழுவதும் இரத்த அழுத்தம் ஏறிவிடும். அவ்வாறு அழுத்தம் ஏற்றப்பட்ட எலிகளையும், ஏற்றப்படாதவற்றையும் ஒப்பிட்டார்கள். 1958இல் வெளியான கட்டுரையில் அழுத்தம், இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கொலஸ்ட்ரால், தமனியில் படியும் திட்டு ஆகிய மூன்றையும் சேர்த்தே ஆராய்ந்திருக்கிறார்கள். மிகை அழுத்தம் இருந்தால் தமனி நோய் விரைந்து வருகிறது என்று கண்டார்கள். 1963இல் இன்னும் ஒரு படி மேலே போய், பெருந்தமனியின் சுவரில் எவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறது என்பதோடு, அச்சுவரே எவ்வளவு கொலஸ்ட்ராலைத் தயாரிக்கிறது என்பதையும் அளந்தார்கள். பெருந்தமனி எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகிறது என்பதையும், வயது ஏற ஏற அது குளுக்கோசைப் பயன்படுத்துவது எப்படி மாறுகிறது என்பதையும் டேலி ஆராய்ந்தார். இரத்தம் ஓடும் வெறும் குழாயாக அவர் தமனியைப் பார்க்கவில்லை. அது உண்கிறது, மூச்சு விடுகிறது, மூப்படைகிறது, அழுத்தம் மிகுந்தால் தன் குணத்தையே மாற்றிக்கொள்கிறது. அந்த எலிகளுக்காக எங்களுள் சிலர் வருந்தியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இதே காலத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரை 1948 முதல் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். மிகை அழுத்தமும் மிகை கொலஸ்ட்ராலும் உள்ளவர்களுக்கு இதய நோய் மிகுதியாக வருவதை அவர்கள் மனிதர்களிடத்திலேயே கண்டார்கள். அங்கே கணக்கெடுப்பு, இங்கே சுவருக்குள் நடப்பது என்ன என்ற தேடல். இரண்டும் சேர்ந்துதான் இன்று மருத்துவர் நம் தந்தையரிடம் கேட்கும் அந்த இரண்டு கேள்விகளாக வந்து நிற்கின்றன.

இன்று அறிந்துள்ளபடி நடப்பதைச் சுருக்கிச் சொல்வோம். நம் இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தமனிச் சுவர் விரிந்து சுருங்குகிறது. சுவரின் உட்புறம் மிக மெல்லிய ஓரடுக்குச் செல்களால் வழுவழுப்பாக வேயப்பட்டிருக்கிறது. அழுத்தம் ஆண்டுக் கணக்கில் மிகுதியாக இருந்தால், முக்கியமாகக் குழாய் கிளைபிரியும் இடங்களில், அந்த அடுக்கு நலம் கெடுகிறது. அதன் வழியே இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரால் துகள்கள் சுவருக்குள் நுழைந்து தங்குகின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளணுக்கள் தின்று தின்று கொழுத்து அங்கேயே மடிகின்றன. திட்டு வளர்கிறது. ஒரு நாள் அது வெடித்தால் அவ்விடத்தில் இரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. இதயத் தசைக்குப் போகும் குழாயில் இது நேர்ந்தால் மாரடைப்பு.

அப்படியானால் எண்ணெய்ப் பலகாரம் தொடாதவருக்கு ஏன் வந்தது? கொலஸ்ட்ரால் முழுவதும் இலையிலிருந்து வருவதில்லை. பெரும் பகுதியை நம் கல்லீரலும் பிற செல்களும் தாமே தயாரிக்கின்றன. பரம்பரையும் உண்டு, வயதும் உண்டு, புகையும் உண்டு. அழுத்தமோ பெரும்பாலும் தலைவலி கூட இல்லாமல் சத்தமின்றி ஏறுகிறது. கையில் பட்டை சுற்றி அளந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் தோழியின் தந்தைக்கு அதற்கு முன் ஒரு தடவையும் அளந்து பார்த்ததில்லையாம். அவள் இதைச் சொன்ன அன்று மாலையே எங்களுள் பலர் வீட்டில் அம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்டோம். அளந்து பார்த்தவர்கள் எங்கள் எண்ணத்தைவிடக் குறைவு. அம்மாக்கள் இன்னும் குறைவு.

1960இல் டெமிங்குடன் டேலியும் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, உதவிப் பேராசிரியராகிப் பின் 1971இல் இணைப் பேராசிரியரானார். 1961இல் வின்சென்ட் கிளார்க் என்பவரை மணந்தார். 1958 முதல் 1963 வரை அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆய்வாளராகவும் இருந்தார். சிகரெட் புகை நுரையீரலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். தசைச் செல்கள் கிரியேட்டின் என்ற பொருளை எவ்வாறு உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்று 1980இல் எழுதினார். இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் அண்ணன்மார் டப்பா டப்பாவாக வாங்கிப் பாலில் கலக்கிக் குடிக்கிறார்களே, அதே கிரியேட்டின்தான்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் அவருக்கு ஒரு வேலை இருந்தது. கறுப்பின மாணவர்கள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதற்கு ஆயத்தப்படுத்தும் திட்டத்தை ஐன்ஸ்டீன் கல்லூரியில் நடத்தினார். 1975இல், சிறுபான்மையினரான பெண் அறிவியலாளர்கள் முப்பது பேர் கூடித் தங்கள் நிலையை ஆராய்ந்தனர். அவர்களில் டேலியும் ஒருவர். அடுத்த ஆண்டு வெளியான அறிக்கை, பெண் என்பதால் ஒன்றும் இனத்தால் ஒன்றுமாக இரட்டைத் தளை என்று அந்நிலையைக் குறிப்பிட்டது. முப்பது பேர் ஓர் அறையில் கூடியபோதுதான் தன்னைப் போல் இன்னொருத்தி இருப்பதை அவர்களில் பலர் கண்டிருப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது.

1986இல் ஓய்வு பெற்றார். அதன் பிறகு புல்லாங்குழலும் கிட்டாரும் கற்றார் என்று படித்தபோது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று. 2003ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் காலமானார். குவீன்ஸ் பகுதியிலேயே ஒரு தொடக்கப்பள்ளிக்கு அவர் பெயர் வைக்கப்படும் என்று 2016இல் அறிவித்தார்கள்.

எங்கள் தோழியின் தந்தை இப்போது நலமாக இருக்கிறார். காலையில் மாத்திரை, மாலையில் நடை. இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை அழுத்தம் அளந்து, அந்த எண்களை அவளே ஒரு நாட்குறிப்பில் எழுதி வருகிறாள். இந்தக் கட்டுரைக்காகத் தேடியதில் பாதி அவள் தேடியது. எல்லாவற்றையும் விட அவளுக்குப் பிடித்தது எந்த ஆய்வும் அல்ல, 1988இல் நடந்த ஒன்று. அந்த ஆண்டு டேலி தாம் படித்த குவீன்ஸ் கல்லூரியில், வேதியியலும் இயற்பியலும் பயிலும் கறுப்பின மாணவர்களுக்காக ஓர் உதவி நிதியை ஏற்படுத்தினார். விடுதிப் பணம் கட்ட முடியாமல் வேதியியலை விட்டுவிட்டுத் தபால் இலாகாவுக்குப் போன தம் தந்தையின் நினைவாக அதை நிறுவினார்.